ஓனரம்மாவே சாட்சி சொன்ன பேன்கேக்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஹெப்பகோடி மாதா கோயில் மணி மேல் சத்தியம். அது போதாது என்பவர்களுக்குத் தண்ணீர் லாரி வரும் கிழமை மேலும் சத்தியம். முட்டை இல்லாமல், பால் இல்லாமல், நெய் இல்லாமல், பெங்களூரிலேயே ஆகச் சிறந்த பேன்கேக் ஒரு ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹெப்பகோடி ஆரோக்கியசாமி வீட்டு அடுப்பில்தான் சுடப்பட்டது. சாட்சி, அந்த வீட்டு ஓனரம்மா. அவர் தன் விரலால் தட்டி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இன்னும் அழியாமல் இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

சத்தியம் ஆயிற்று. இனி அந்தக் காலை.

மணி ஏழு ஐந்து. ஆரோக்கியசாமி ஆறாவது முட்டையை உடைத்து மைதா மாவில் ஊற்றிவிட்டுக் கரண்டியைக் கையில் எடுத்தபோது, மகள் சோனியா பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தாள்.

"டாடி, இன்னா பண்றே? அவங்க வீகன்."

"தெரியும்டி. அதான் நேத்து கறி வாங்கல."

"வீகன்னா முட்டையும் கிடையாது. பால், தயிர், நெய் கிடையாது. தேன்கூடக் கிடையாது. மாடு, கோழி, தேனீ, யார்கிட்டருந்தும் எதையும் வாங்கிக்க மாட்டாங்க."

ஆரோக்கியசாமி கரண்டியைக் கீழே வைத்தார்.

"நாமளும்தான் தவக்காலத்துல நாப்பது நாள் கறி சாப்டாம இருக்கோம். இவங்களுக்கு ஈஸ்டர் எப்போ?"

"இவங்களுக்கு ஈஸ்டரே வராது டாடி."

இந்த இக்கட்டுக்கு அவரே காரணம். 'சைவம் மட்டும்' என்ற நிபந்தனையோடு கிடைத்த வீடு அது. "கேட்டா வெஜ்ஜுன்னு சொல்லிடுங்க சார், ஓனரம்மா மல்லேஸ்வரத்துல இருக்காங்க, வந்தெல்லாம் பார்க்க மாட்டாங்க" என்று புரோக்கர் மஞ்சுநாத் சொன்னதை நம்பி மூன்று வருஷம் நிம்மதியாக மீன் தின்றாயிற்று. இப்போது அக்ரிமென்ட் முடிகிறது. புதுப்பிப்பதற்கு முன்னால் ஒருமுறை வீட்டைப் பார்க்க வருவதாக ஓனரம்மா வீணா எழுதியிருந்தார். 'ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வருகிறேன். நான் வீகன், அதனால் சாப்பாட்டுக்குச் சிரமப்பட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பழம் போட்ட பேன்கேக் மட்டும்தான் சாப்பிடுவேன்.'

அத்தோடு விட்டிருக்கலாம். ஆரோக்கியசாமி பதில் போட்டார்: 'பேன்கேக் எங்கள் குடும்பத் தொழில் மாதிரி மேடம். எங்கள் வீட்டிலேயே சாப்பிடுங்கள்.'

அதுவும் முழுப் பொய் அல்ல. கோலார் தங்கவயலில், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வீடு பேன்கேக் சுடுவார்கள். உள்ளே தேங்காய்ப் பூரணம் வைத்துப் பாயைப்போலச் சுருட்டுவார்கள். ஆரோக்கியசாமியின் தாத்தா துரை பங்களாவில் சமையல் செய்தவர். ஆனால் அந்தப் பேன்கேக்கில் முட்டையையும் பாலையும் நெய்யையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும்தான்.

ஆறு மணிப் பூசை முடிந்து மனைவி தமயந்தி உள்ளே வந்தாள். முக்காட்டை எடுக்காமலே முட்டை ஓடுகளை எண்ணினாள்.

"இந்த வீட்டு ஓனர் முட்டை தின்னாதுன்னு நேத்தே சொன்னேனா இல்லியா?"

"முட்டை இப்பல்லாம் சைவம்னு சொல்றாங்களே."

"யார் சொல்றாங்க? முட்டைக் கடைக்காரனா? இதோ பாருங்க, ஒம்போது வருஷத்துல ஆறு வீடு மாறியாச்சு. எங்கம்மா குடுத்த பீரோவுக்கு ஒரு கால் கோரமங்களாவுல போச்சு, ஒரு கதவு பொம்மனஹள்ளியில போச்சு. இந்த வீடும் போச்சுன்னா, மிச்சமிருக்கிற பீரோவோட நான் எங்கம்மா வீட்டுக்குப் பங்காருப்பேட்டை ரயில் ஏறிடுவேன். நீங்க இங்கியே பேன்கேக் சுட்டுகினு இருங்க."

தமயந்தி வெறும் மிரட்டலுக்குச் சொல்பவள் அல்ல. போன முறை வீடு மாறியபோது அவள் பீரோவின் பக்கத்திலேயே லாரியில் நின்றுகொண்டு வந்தவள்.

ஆரோக்கியசாமிக்கு உள்ளங்கால் அரிக்கத் தொடங்கியது. முதலில் இந்த முட்டை மாவை ஒழிக்க வேண்டும். தெருக் குப்பைத் தொட்டியில் கொட்டினால் யாராவது பார்ப்பார்கள். பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினார். பாதி இறங்கியது. பாதி நின்று அவரைப் பார்த்தது.

"அடைச்சிகிச்சு" என்றாள் சோனியா.

"சுடுதண்ணி ஊத்தினா போயிடும்."

கொதிக்கக் கொதிக்க ஒரு குண்டான் தண்ணீர் ஊற்றினார். ஆறு முட்டையின் மேல் கொதிநீர் ஊற்றினால் என்ன ஆகும் என்பது ஊற்றி முடித்த பிறகுதான் உறைத்தது. குழாய்க்குள் ஒரு முழ நீளத்துக்கு ஆம்லெட் வெந்து நின்றது.

ஆரோக்கியசாமி சுரங்கம் மூடும்வரை எட்டு வருஷம் பாறையில் துளை போட்டவர். ஒரு குழாய்க்குத் தோற்பாரா? பழைய குடைக்கம்பியை நிமிர்த்தி, முழங்கால் போட்டு, தொட்டிக்கு அடியிலிருந்து குத்தினார். நாலாவது குத்தில் குழாய் கழன்று, தண்ணீர் மடியில் இறங்கியது. கூடவே வழவழவென்று மஞ்சளாக ஒரு கட்டி வந்து விழுந்தது. கோலாரில் எட்டு வருஷம் தோண்டியும் அவ்வளவு மஞ்சளாக எதையும் அவர் கண்டதில்லை.

கைபேசி அடித்தது. 'மல்லேஸ்வரம் விட்டாச்சு. டிராஃபிக்கே இல்லை!'

"ஒம்போதுன்னாங்களே! இப்ப ஏழு முப்பத்தஞ்சுதானே ஆவுது?"

"ஞாயித்துக்கிழமை டாடி. எட்டரைக்கே வந்துடுவாங்க."

குழாயைத் துணியால் கட்டினார்கள். தமயந்தி தரையைத் துடைத்தாள். சோனியா கைபேசியைப் பார்த்துப் படிக்க, ஆரோக்கியசாமி இரண்டாம் மாவைக் கரைத்தார். முட்டைக்குப் பதிலாக நாலு ஏலக்கி வாழைப்பழம். பாலுக்குப் பதிலாகத் தேங்காய்ப் பால். நெய்க்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய். சர்க்கரை டப்பாவைத் திறந்தபோது சோனியா கையைப் பிடித்தாள்.

"சில ஊர்ல சர்க்கரைய எலும்புக் கரி வச்சு வெளுப்பாங்களாம் டாடி."

"எலும்பா? அப்ப நான் காலைல குடிச்சது நான்-வெஜ் காபியா?"

"எதுக்கும் வெல்லம் போடு."

வெல்லப்பாகு வந்தது. ஏலக்காய் வந்தது. மாவு பார்க்க லட்சணமாக இருந்தது. அடுத்த கேள்வி, எதில் சுடுவது?

இருந்த நான்-ஸ்டிக் தட்டில் மூன்று வருஷமாக ஆம்லெட் போட்டுப் போட்டு, சூடாக்கினாலே கோழி கூவும் போலிருந்தது. அதைத் தள்ளிவிட்டு, போன தீபாவளிக்குச் சீட்டில் கிடைத்த புது இரும்புத் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றினார். பழக்காத கல். மாவை ஊற்றியதும் தாயைக் கண்ட பிள்ளை மாதிரி ஒட்டிக்கொண்டது. சுரண்டி எடுத்தால் முதலாவது கர்நாடகம் மாதிரி வந்தது. இரண்டாவது தமிழ்நாடு மாதிரி வந்தது. இரண்டுக்கும் நடுவில் எண்ணெய் காவிரி மாதிரி ஓடியது. யாருக்கும் பயன்படவில்லை.

கைபேசி மறுபடி அடித்தது. 'சில்க் போர்டு தாண்டியாச்சு.' பாதி வழி.

ஆரோக்கியசாமி பால்கனிக்கு ஓடினார். திரும்பி அடுப்புக்கு ஓடினார். மறுபடி பால்கனிக்குப் போய், தான் எதற்கு வந்தோம் என்று மறந்து, கொடியில் கிடந்த பனியனை எடுத்துக்கொண்டு வந்தார்.

"தமயந்தி, அந்தக் கல்லை எடு."

"எந்தக் கல்லு?"

"கட்டிலுக்குக் கீழ இருக்கிறது."

சோனியா ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தினாள்.

கட்டிலுக்குக் கீழே ஒரு சூட்கேஸ் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலமே கருவாட்டு டப்பா, மீன் வெட்டும் கத்தி, மீன் சட்டி எல்லாவற்றையும் அதில் அடைத்து, மூன்று போர்வை சுற்றி உள்ளே தள்ளியிருந்தார்கள். தமயந்தி பத்தொன்பது வருஷமாக நெத்திலிக் கருவாடு வறுக்கும் கல்லும் அதில்தான் இருந்தது. கண்ணாடி மாதிரி பளபளப்பான கல். அதில் எதை ஊற்றினாலும் வழுக்கிக்கொண்டு வரும்.

"உங்களுக்கு இன்னா புத்தி பெரண்டுபோச்சா? அதுல நெத்திலி வாடை எலும்பு வரைக்கும் ஊறியிருக்கு!"

"புளி போட்டுத் தேய்ச்சிடலாம்."

புளி போட்டார்கள். எலுமிச்சை போட்டார்கள். சாம்பல் போட்டார்கள். குளிர்ந்திருந்தபோது கல் யோக்கியமாக இருந்தது. அடுப்பில் ஏற்றிச் சூடானதும் பத்தொன்பது வருஷத்து நெத்திலியும் ஒன்றாக எழுந்து நின்றது.

ஆனால் பேன்கேக்! ஊற்றிய வேகத்தில் உப்பியது. ஓரம் பொன்னிறமாக முறுகியது. கரண்டியைக் காட்டியதுமே தானாகத் திரும்பிப் படுத்தது. ஆரோக்கியசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. தாத்தாகூட இப்படிச் சுட்டதில்லை.

"ரூபம் நல்லாருக்கு டாடி" என்றாள் சோனியா, மூக்கைப் பிடித்துக்கொண்டு. "வாசனைதான் மங்களூரு துறைமுகம் மாதிரி இருக்கு."

"வாசனைய வாசனையாலதான் அடிக்கணும். ஓடு, முனையில வண்டிக்காரன்கிட்ட பலாப்பழம் வாங்கிகினு வா. நல்லாப் பழுத்தது. தூரத்துலருந்தே மணக்கணும்."

பலாச்சுளை வந்தது. பொடியாக அரிந்து மாவில் கொட்டினார். மேலே மாம்பழத் துண்டு. அதற்கும் மேலே தேங்காய்ப் பாலில் குறுக்கிய வெல்லப்பாகு. இப்போது வீட்டில் நெத்திலி வாடையும் அடித்தது, பலா வாடையும் அடித்தது. இரண்டும் சண்டை போடும் என்று எதிர்பார்த்தார். அவை கல்யாணம் செய்துகொண்டன.

தமயந்தி சாம்பிராணி போட்டாள். அந்தக் கல்யாணத்துக்குப் பூசையும் வைத்ததுபோல் ஆயிற்று.

நாலாவது பேன்கேக் திரும்பும்போது மாடிப்படியில் முதல் பூனை வந்து உட்கார்ந்தது. ஆறாவதுக்கு மூன்று. பத்தாவதுக்கு ஒன்பது பூனைகள், படிக்கு ஒன்றாக, சீனியாரிட்டி வரிசையில், வாலைச் சுருட்டிக்கொண்டு. பக்கத்துத் தெருவிலிருந்து வந்தவைகூட இருந்தன. சோனியா விளக்குமாற்றைக் காட்டினாள். அவை விளக்குமாற்றைப் பொருட்படுத்தவில்லை.

'டோல் தாண்டியாச்சு' என்று வந்த செய்தியைப் படித்து முடிப்பதற்குள் கீழே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"மாதாவே!" என்று தமயந்தி கும்பிட்டாள். எதற்கு என்று சொல்லவில்லை. பீரோவுக்காக இருக்கலாம்.

ஓனரம்மா வீணா படியேறி வந்தார். அறுபது வயது, பருத்திப் புடவை, வெள்ளை முடி. பின்னால் டிரைவர் பச்சைமுத்து பழக்கூடையோடு வந்தான். ஓனரம்மா பாதிப் படியில் நின்றார். ஒன்பது பூனைகளும் அவரைப் பார்த்தன.

முடிந்தது என்று ஆரோக்கியசாமி நினைத்தார்.

"அய்யோ, எஷ்டு பூனை!" கன்னடம் கலந்து பேசும் ஓனரம்மாவின் முகம் மலர்ந்தது. "சாமி அவரே, மிருகங்களுக்குத் தெரியும்ரீ, யார் வீடு நல்ல வீடுன்னு. சைவமா இருக்கிறவங்க வீட்டு வாசல்லதான் அதுங்க பயமில்லாம உட்காரும்."

"ஆமா மேடம்" என்றார் ஆரோக்கியசாமி. "டெய்லி இப்டித்தான்."

ஓனரம்மா சாம்பிராணிப் புகைக்குள் நுழைந்து நேராக நடந்தார். மூக்கைச் சுளிக்கவில்லை, இருமவில்லை. பச்சைமுத்துவின் மூக்கு மட்டும் முயல் மூக்குபோல இரண்டு முறை அசைந்தது. அவன் ஆரோக்கியசாமியைப் பார்த்தான். ஆரோக்கியசாமி கூரையைப் பார்த்தார்.

"நான் கீழ இருக்கேம்மா" என்று கூடையை வைத்துவிட்டு அவன் இறங்கிப் போனான்.

ஓனரம்மா ஹாலைப் பார்த்தார், குளியலறையைப் பார்த்தார். படுக்கையறையில் கட்டிலின் விளிம்பிலேயே உட்கார்ந்து மெத்தையைத் தட்டினார். அடியில் சூட்கேஸ். தமயந்தி சுவரோடு சுவராக நின்றாள். பிறகு சமையலறை. துணி கட்டிய குழாயைக் குனிந்து பார்த்தார். "இதை நான் மாத்தித் தர்றேன்" என்றார். நிமிர்ந்தவர் நேராக அடுப்பின் மேல் முகத்தை நீட்டினார். கல்லிலிருந்து ஆவி அவர் முகத்தில் அடித்தது.

ஆரோக்கியசாமி மனதுக்குள் பீரோவைத் தூக்கத் தொடங்கினார்.

"பழைய கல்லா?"

"பத்தொம்போது வருஷம் மேடம்."

"பார்த்தாலே தெரியுது" என்றார் ஓனரம்மா. "இந்தக் காலத்துல யாரு இப்படிக் கல்லைப் பழக்கி வச்சிருக்கா?"

மேஜையில் உட்கார்ந்தார். சோனியா தட்டை வைத்தாள். மூன்று பேன்கேக், ஒன்றின் மேல் ஒன்று. பாகு ஓரமாக வழிந்தது. மூவரும் நின்றுகொண்டே பார்த்தார்கள்.

"மொதல்ல சொல்லுங்க, என்னென்ன போட்டிருக்கீங்க?"

"பலாப்பழம், வாழைப்பழம், மேல மாம்பழம் மேடம். தேங்காய்ப் பால், வெல்லம், ஏலக்காய்."

ஒரு துண்டு வெட்டி வாயில் வைத்தார். கண்ணை மூடினார். மென்றார். ஆரோக்கியசாமி இரண்டு காலையும் மாற்றி மாற்றி ஊன்றினார். வெளியே ஒரு பூனை கத்தியது.

"ஆஹா" என்றார் ஓனரம்மா. "பலாப்பழம்! என்ன வாசனைரீ! அந்த ஏலக்காய்... அந்தத் தேங்காய்ப் பால்... தும்ப சென்னாகிதெ! ரொம்ப நல்லாருக்கு!"

தமயந்தி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஓனரம்மா ஒன்றல்ல, ஏழு பேன்கேக் சாப்பிட்டார். ஓரம் எப்படி இவ்வளவு முறுகலாக வந்தது என்று கேட்டார். நடு எப்படி இவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று கேட்டார். ஆரோக்கியசாமிக்கு இப்போது கால் அரிக்கவில்லை, கழுத்து நீண்டிருந்தது. தாத்தாவைப் பற்றிச் சொன்னார். துரை ஒருமுறை இந்தப் பேன்கேக்கைத் தின்றுவிட்டு இங்கிலாந்துக்குப் போகிற கப்பலை விட்டுவிட்டதாகவும் சொன்னார். அது சோனியாவுக்கே அன்றுதான் தெரியும்.

"சாமி அவரே, அக்ரிமென்ட் பத்திக் கவலைப்படாதீங்க. மூணு வருஷத்துக்குப் போடறேன். வாடகை ஏத்தல."

"ரொம்ப சந்தோஷம் மேடம்!"

"ஆனா ஒண்ணு. மல்லேஸ்வரத்துல எங்க வீகன் குரூப்பு இருக்கு, நாப்பது பேரு. எல்லாம் பொல்லாத நாக்கு. ஓட்டல்ல ஒரு சொட்டு நெய் பட்டாக்கூடக் கண்டுபிடிச்சிடுவாங்க. வர்ற ஞாயிறு எங்க வீட்டு மாடியில காலை டிபன். நீங்கதான் வந்து சுடறீங்க. அங்கயே எல்லார் முன்னாலயும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறேன்."

தமயந்தி கண்ணால் வேண்டாம் என்றாள். ஆரோக்கியசாமி அவள் பக்கமே திரும்பவில்லை.

"நாப்பது என்ன மேடம், நானூறு பேர்னாலும் வரட்டும்."

"இதே கல்லைக் கொண்டு வரணும்."

"அது இல்லாம எப்டி மேடம்?"

ஓனரம்மா அங்கேயே கைபேசியை எடுத்துத் தட்டினார். குரூப்புக்கும் போயிற்று, ஆரோக்கியசாமிக்கும் வந்தது. அதுதான் அந்தப் புகழ்பெற்ற செய்தி: 'பெங்களூரில் இப்படி ஒரு ருசியை, இப்படி ஒரு வாசனையை நான் கண்டதே இல்லை.' கூடவே எட்டு இதயம். ஆரோக்கியசாமி எண்ணினார்.

பூனைகளைப் படம் எடுக்க ஓனரம்மா படிக்குப் போனார். சோனியா பின்னாலேயே போனாள். மிச்சமிருந்த இரண்டு பேன்கேக்கைத் தட்டில் வைத்துக்கொண்டு, வெற்றி பெற்ற மனிதர் நடக்கிற நடையில், ஆரோக்கியசாமி கீழே காருக்குப் போனார்.

பச்சைமுத்து தட்டை வாங்கினான். ஒரு வாய் வைத்தான். மெதுவாக மென்றான். இன்னொரு வாய் வைத்தான்.

"எப்டிப்பா இருக்கு?"

"சார், தப்பா நெனைக்காதீங்க. நெத்திலிதானே?"

ஆரோக்கியசாமி மாடியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மெல்லப் பேசுப்பா. உனக்கு எப்டித் தெரிஞ்சுது?"

"தெருமுனையிலயே தெரிஞ்சுது சார். கண்ணாடி ஏத்தி, ஏசி போட்டிருந்தேன். அப்பவும் வந்துச்சு."

"அதான் பலாப்பழத்தோட மகிமை" என்றார் ஆரோக்கியசாமி. "இவ்ளோ கிட்ட இருந்து சாப்ட்டும் மேடத்துக்குத் தெரியவே இல்ல பாரு. ஏழு சாப்ட்டாங்க."

பச்சைமுத்து கடைசித் துண்டால் பாகை வழித்து வாயில் போட்டுக்கொண்டு, காலித் தட்டை அவர் கையில் கொடுத்தான்.

"பலாப்பழம் இல்ல சார். கொரோனா வந்துட்டுப் போனதுலருந்து அம்மாவுக்கு வாசனையும் தெரியாது, ருசியும் தெரியாது."